பதினேழாம் பக்கத்து முத்திரை

3 மார்ச் 1997

இன்றும் சரியாகப் பத்து மணிக்கு இண்டர்நெட் செத்தது. கொலைகாரர் எங்கள் தலைமை நூலகர் பெர்னார். மத்தியானம் என்ன சமையல் என்று மனைவியைக் கேட்க அவர் தினமும் ரிசீவரைத் தூக்குவார். அதே டெலிபோன் லைனில்தான் என் கம்ப்யூட்டரும் தொங்கிக்கொண்டிருக்கிறது. காலையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிய கட்டுரை பாதியில் போயிற்று.

"ஆயோ அக்கா, லலின் கூப்பே," என்றாள் துப்புரவு வேலை செய்யும் கோவிந்தம்மா, அலமாரியைத் துடைத்தபடி. லைன் போனது எனக்குத் தெரியாதா? தேவாரம் அத்தனையும் மனப்பாடமாகப் பாடுவாள். பேச்சென்று வந்தால் இந்தத் தீவின் க்ரியோல் மொழிதான், நடுவில் ஒரு அக்கா.

பெர்னார் வீட்டில் இன்று தக்காளி ருகாய்க் குழம்பு. எனக்குக் கட்டுரை இல்லை.

5 மார்ச்

எங்கள் தொழில்நுட்பக் கல்லூரி இயக்குநரிடமிருந்து செய்தி. மே மாதக் கடைசியில் கூட்டமாம். நூலகத்தில் இண்டர்நெட்டை யாரும் பயன்படுத்துவதில்லை என்று தெரிந்தால் கம்ப்யூட்டர் மாடிக்கு, அவர் அறைக்குப் போய்விடும்.

திருச்சியிலிருந்து என்னை ஒப்பந்தத்தில் கூட்டிவந்ததே இந்த ஒரு பெட்டிக்காக. அது மாடியேறினால் நான் விமானம் ஏற வேண்டியதுதான். இந்தப் போர்ட் லூயிஸ் ஊர் எனக்குப் பிடித்துப்போய்விட்டதே, என்ன செய்ய?

யாராவது தொட்டால்தானே பயன்படுத்துவதற்கு? இரண்டு நாள் முன்னதாக எழுதிக் கேட்க வேண்டும் என்பது பெர்னார் போட்ட விதி. அது போதாதென்று பெட்டியின் மேல் அவர் மனைவி பின்னிய லேஸ் துணி, அதன் மேல் ஆந்தூரியம் பூ ஜாடி. கம்ப்யூட்டர் மாதிரியா இருக்கிறது? பூஜை மேடை மாதிரி இருக்கிறது.

18 மார்ச்

ஜாடியை இறக்கிவைத்துவிட்டு இன்று ஒரு திருட்டு வேலை செய்தேன்.

சாயத் தொழில்நுட்பம் நடத்தும் தனராஜ் சார் போன வாரம் புலம்பினார். சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்வது பற்றி அவருடைய மாணவர்கள் ஆய்வு எழுதுகிறார்கள். எல்லாரும் துணி ஆலைகளில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். எங்கள் சஞ்சிகைகளோ கப்பலில் ஆடி அசைந்து வருகின்றன. பல நாட்டு நூலகர்கள் எழுதிக்கொள்ளும் ஒரு மின்னஞ்சல் குழுவில் கேட்டுவைத்தேன். ஃபின்லாந்திலிருந்து முகம் தெரியாத ஒரு அம்மாள், கட்டுரை எந்த முகவரியில் இருக்கிறது என்று பதில் போட்டிருந்தாள். பத்து மணிக்குள் இறக்கி, அச்செடுத்து, சாம்பல் நிற அட்டை போட்டு, புது வரவுகளோடு பெர்னார் மேசையில் வைத்துவிட்டேன். இண்டர்நெட் சரக்கு என்று தெரிந்தால் தொடவே மாட்டார்.

"இது எங்கிருந்து, மதாம் ராமாமணி?"

"ஃபின்லாந்திலிருந்து, சார்."

பொய்யா? இல்லையே. எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை.

சேர்க்கை எண் போட்டார். முதல் பக்கத்தில் முத்திரை குத்தினார். பிறகு புரட்டினார், முகம் வாடியது. எந்தப் புத்தகம் வந்தாலும் பதினேழாம் பக்கத்தில் இன்னொரு முத்திரை குத்துவார், திருடன் முதல் பக்கத்தைக் கிழித்தாலும் அகப்பட்டுக்கொள்ளட்டும் என்று. இதில் இருப்பது ஒன்பது பக்கம்.

"பதினேழாம் பக்கம் இல்லாததை நான் எப்படிச் சேர்ப்பது?" நிஜமாகவே வருத்தப்பட்டார்.

19 மார்ச்

வெள்ளைத் தாள்களைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தேன். பதினேழாம் பக்கத்தில், ஒரு எழுத்துகூட இல்லாத இடத்தில், நடுநாயகமாகக் குத்தினார். இருவருக்கும் திருப்தி.

22 ஏப்ரல்

சாம்பல் அட்டைகளுக்கு இப்போது தனி அலமாரி. கடற்கரை ஓட்டல்களின் தண்ணீர்ச் செலவு, கரும்புச் சக்கையில் காகிதம், பின்னலாடை இயந்திரப் பழுது. கேட்டவர்களுக்கு இரண்டே நாளில் கிடைக்கிறது. மாணவர்கள் பெர்னாருக்கு நன்றி சொல்கிறார்கள். அவரும் தலையை லேசாகச் சாய்த்து ஏற்றுக்கொள்கிறார்.

"நல்ல நூலகத்துக்கு டெலிபோன் கம்பி எதற்கு?" என்று தனராஜ் சாரிடம் சொன்னாராம். நான் பின்பக்கம் போய், கோவிந்தம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்துத் தீர்த்தேன்.

14 மே

சிரிப்பு நின்றுவிட்டது. கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியவர்கள் யாருமில்லை என்று பெர்னார் இயக்குநருக்கு அறிக்கை எழுதியிருக்கிறார். அவர் கணக்கில் உண்மைதானே? எல்லாம் சாம்பல் அட்டைக்குள் ஒளிந்திருக்கிறது. ஒளித்தது யார்? நான்தான். என் குழியை நானே அழகாக வெட்டிவைத்திருக்கிறேனே. சொல்லிவிடலாமா? சொன்னால் மனுஷன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்?

28 மே

சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

29 மே

கூட்டம். பெர்னார் கோட்டு போட்டு வந்தார். "இண்டர்நெட் தேவையில்லை என்பதற்கு எங்கள் சேகரிப்பே சான்று," என்று சாம்பல் அட்டைகளை மேசையில் அடுக்கினார்.

இயக்குநர் ஒன்றைப் புரட்டினார். முத்திரை குத்திய வெள்ளைத் தாளைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார். முன்பக்கம் திரும்பி அடியில் பார்த்தார். அங்கே பொடி எழுத்தில் இணைய முகவரி, அச்செடுத்த தேதி. இன்னொன்றை எடுத்தார். அதிலும் அப்படியே.

"மிசியே பெர்னார், இதெல்லாம் இண்டர்நெட்டிலிருந்து வந்தவை அல்லவா?"

யாரோ செருமினார்கள். பெர்னார் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு, ஐயோ, நான் மேசைக்கடியில் போய் ஒளிந்திருப்பேன். இந்த விளையாட்டை ஏன்தான் ஆரம்பித்தேனோ.

கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஆமாம்," என்றார். "அதனால்தான் முத்திரை குத்தியிருக்கிறேன். இவை வரும் வாசல் எங்கள் நூலகத்தில் இருக்கிறது. வாசலை மாடிக்கு மாற்றினால் மாணவர்கள் எப்படி உள்ளே வருவார்கள்?"

தனராஜ் சார் மேசையைத் தட்டினார். இயக்குநர் அறிக்கையை மூடிவைத்துவிட்டார். கம்ப்யூட்டர் இங்கேயே. நானும் இங்கேயே.

30 மே

காலையில் போனால் லேஸ் துணி இல்லை, ஜாடி இல்லை. கம்ப்யூட்டரின் நெற்றியில் சேர்க்கை எண் ஒட்டி, பக்கத்தில் முத்திரையும் குத்தியிருக்கிறார். எண் போட்ட பொருள் அவர் கையெழுத்தில்லாமல் நூலகத்தை விட்டு வெளியே போக முடியாது, இயக்குநரே வந்து கேட்டாலும்.

"மன்னியுங்கள், சார்," என்றேன்.

"இதில் பதினேழாம் பக்கம் எங்கே என்றுதான் தெரியவில்லை," என்றார். சிரிக்கவில்லை. மீசை மட்டும் கொஞ்சம் ஆடியது.

17 ஜூன்

மழை. ஓட்டல் நிர்வாக மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். எழுதிக் கேட்கும் விதி போய்விட்டது. பெரிய கோப்பு ஒன்று மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பத்து மணி நெருங்கியதும் பழக்கதோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

பெர்னார் எழுந்தார். டெலிபோனைப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு, மழையில் தெருவைத் தாண்டி, டெலிபோன் வைத்திருக்கும் எதிர்க் கடைக்குப் போனார்.

"மிசியே எங்கே போகிறார்?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

"மத்தியானம் என்ன சமையல் என்று கேட்க," என்றேன்.

கோப்பு முழுசாக இறங்கியது.