தலைவர் பார்க்காத ராமலிங்கம்

ஊருக்கு மிலிட்டரிக்காரராக வாழ்ந்து மறைந்த என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் போர்முனையில் இருந்தபோது நாட்டை ஆண்ட தலைவரைப் பற்றி ஒரு படம் வந்திருக்கிறது. பெரம்பலூர் தியேட்டரில் நல்ல கூட்டம். முதல் நாள் இடைவேளையில் முன்னாள் ராணுவத்தார் குடும்பங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உங்களுக்காக நான் போனேன். அம்மாவும் வந்திருந்தாள்.

இடைவேளைக்கு முந்தின காட்சியில் தலைவர் ராணுவ ஆஸ்பத்திரிக்கு வருகிறார். கட்டில் கட்டிலாக நின்று அடிபட்டவர்களின் தலையைத் தடவிக் கொடுக்கிறார். ஒரே விசில். அந்தச் சூட்டோடு என் கையில் மைக்கைத் திணித்து, "உங்கப்பாவையும் தலைவர் பாத்தாராமே, சொல்லுங்க சார்" என்றார்கள்.

நீங்கள் எனக்குச் சொன்னது வேறு. காலில் அடிபட்டு நீங்கள் கிடந்த ஆஸ்பத்திரிக்குத் தலைவர் வருகிறார் என்று விரிப்பையெல்லாம் மாற்றினார்கள். பிழைக்க மாட்டார்கள் என்று தோன்றியவர்களைக் கண்ணில் படாமல் பின் கூடாரத்துக்குத் தூக்கிப் போனார்கள். உங்கள் பாடாலூர் சிநேகிதர் ராமலிங்கமும் அதில் ஒருவர். தலைவர் வந்தார், உங்களுக்கு ஒரு வணக்கம் வைத்தார், போனார். ராமலிங்கம் அன்றே இறந்தார்.

இதெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அத்தனை கூட்டமும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது, அப்பா. "எங்கப்பா தலைய மடியில வச்சித் தண்ணி குடுத்தாரு தலைவர். ஒருத்தரையும் பாக்காம விடல" என்று அடித்துவிட்டேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வெட்கங்கெட்ட எனக்கு அது இனிக்கவும் செய்தது.

அம்மா கைதட்டவில்லை. "உங்கப்பா இருந்திருந்தா பாதியில எந்திரிச்சிப் போயிருப்பாருடா" என்றாள்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. படம் முடிந்து வெளியே வந்தால், வயதான ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ராமலிங்கத்தின் தங்கை.

"தம்பி, எங்கண்ணனும் அங்கதான் கெடந்துச்சு. அப்ப அதையும் தலைவரு பாத்திருப்பாருல்ல?"

"பாத்தாருங்கம்மா" என்றேன்.

அண்ணன் யாருமில்லாமல் அனாதையாகச் செத்துப்போச்சு என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாராம். சொல்லிச் சொல்லி அழுதார். நான் பொன்னாடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன்.

நீங்கள் ஏன் ஒருதரம்கூட அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை? பின் கூடாரத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லையா?

அந்த அம்மாவைத் தேற்ற என்னிடம் நிஜமே இருந்ததே, அப்பா! தலைவர் போனதும், அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு பின் கூடாரத்துக்குத் தவழ்ந்து போனது நீங்கள். மூச்சு அடங்கும்வரை ராமலிங்கத்தின் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்தது நீங்கள். அந்த மடியைத்தான் நான் தூக்கித் தலைவருக்குக் கொடுத்துவிட்டேன்.

நாளைக்குப் பாடாலூர் போகிறேன். "தலைவர் பாக்கலிங்கம்மா, எங்கப்பாதான் கூட இருந்தாரு" என்று சொல்லிவிடுகிறேன். அவர் காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு, முழுதும் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

தலைகுனிந்து நிற்கும் உங்கள் மூத்த பிள்ளை,
செல்வராசு