முப்பத்திரண்டு பல் சக்கரம்

மார்ச் 3

அன்புள்ள நெட்டைக்கு,

உன் குள்ளன் எழுதுவது. இங்கே நான் நலம். நீ நலமா என்று கேட்பதற்குக்கூட என் அக்காவிடம் போய் நிற்கவேண்டிய நிலைமை எனக்கு. கடிதத்தை ஒட்டாமல் கொடு என்றாள். கட்டிய பெண்டாட்டிக்கு எழுதுவதைக் கூடப்பிறந்தவள் படிப்பாளா? ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன்.

நீ யாரோ கொடுத்த இரவல் சைக்கிளில் வேலைக்குப் போகிறாயாம், முழங்கால் வலிக்கிறதாம். அக்கா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் கால் நீளத்துக்கு எவனோ ஒருத்தன் சைக்கிள் எப்படிப் பொருந்தும்? உன் சீட் உயரம் எவ்வளவு, கை எவ்வளவு தூரம் எட்டும், எந்தத் தோள் ஒரு நூல் தாழ்ந்திருக்கும் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உன்னைப் பெற்றவர்களுக்குக்கூட அது தெரியாது.

அதனால் நம் சைக்கிள் கடைச் சுவரில் தொங்கிய உன் சைக்கிளைக் கீழே இறக்கிவிட்டேன். ஃபிரேம் மட்டும்தான் பழசு, மற்றதெல்லாம் புதுசு என்று முடிவு. முன்பக்க ஃபோர்க்கைக் கார்பனில் போடுகிறேன், கை அதிராது. எட்டு கியரை எடுத்துவிட்டுப் பதினொன்று. அதற்குப் பின்சக்கரமே மாற வேண்டும், மாறட்டும். ஹேண்டில்பாரும் அகலம் குறைந்ததாக ஒன்று வந்திருக்கிறது. எடுக்க வந்த வாடிக்கையாளரிடம் “இது வித்தாச்சு” என்று சொல்லி உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.

ஆறு மாதம் தேடக் கூடாது, செப்டம்பரில் நானே அக்கா வீட்டுக்கு வருவேன், உட்கார்ந்து பேசலாம் என்றாய். சரி என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அதில் மாற்றமில்லை. சைக்கிளை அக்காவிடம் விடுகிறேன், அவள் உனக்கு அனுப்பட்டும். ஊர் பெயர் எனக்கு வேண்டவே வேண்டாம்.

சாலை எப்படி என்று மட்டும் எழுது. மேடா, சமமா? வீட்டுக்கு மாடி ஏற்றித் தூக்கவேண்டுமா? இது தெரியாமல் எதை மாட்டுவது?

உன் குள்ளன்


மார்ச் 14

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உள்ளே கிரீஸ் வாசனை அடித்தது. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

நலமாக இருக்கிறேன். கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். முதலாளியம்மா சிடுமூஞ்சி, ஆனால் நியாயமானவர். அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். சைக்கிளை மாடிக்குத் தூக்கத்தான் வேண்டும், அதனால் கனம் குறைந்தால் நல்லது. சாலையில் கொஞ்சம் மேடு உண்டு. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

போனில் பேசலாம் என்று அண்ணி மூலம் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் நான் சரி சரி என்று தலையாட்டிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

ஒன்று கேட்க வேண்டும். இரவல் சைக்கிளில் போன வாரம் சமதளத்தில் மிதித்தேன். கடைசி கியர் விழுந்தது. எட்டு வருடத்தில் என் சைக்கிளில் கடைசி இரண்டு கியரும் விழுந்ததே இல்லை. கிளிக் என்று சத்தம் வரும், செயின் நகராது. “பழசாப் போச்சு, விடு” என்பீர்கள். அதற்கு மேல் மிதிக்க என் காலில் தெம்பில்லை என்றும் சொல்வீர்கள். நானும் நம்பினேன். இங்கே சைக்கிள் கொடுத்த அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். “அது பழசானதால இல்லம்மா. பின்னாடி கியர்ல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கு. அதைத் திருகி வெச்சா செயின் அதைத் தாண்டிப் போகாது. யாரோ வேணும்னே திருகியிருக்காங்க” என்றார்.

கல்யாணமான புதிதில் நான் உங்களை முந்திக்கொண்டு போன அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள்தான் “சர்வீஸ்” என்று சொல்லி சைக்கிளை எடுத்துப் போனீர்கள். ஞாபகம் இருக்கிறதா?

பந்தயத்துக்குப் போகிறேன் என்றபோது இரண்டு சக்கரத்தையும் கழற்றிக் கடையில் பூட்டி வைத்ததைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். வேலை முடிந்து நான் வெளியே வரும் நேரமெல்லாம் எதிர்க்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அதற்காகத்தான் இந்த ஆறு மாதம்.

புதுசு போடும்போது அந்த ஸ்க்ரூவைத் திறந்து விடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி கண்ட நேரத்தில் சாப்பிடாதீர்கள்.

இப்படிக்கு,
நெட்டை


மார்ச் 25

என் நெட்டைக்கு,

வந்ததும் வராததுமாக ஒரு குற்றப்பத்திரிகை! சைக்கிள் இரவல் கொடுக்கிறவள் எல்லாம் என் பெண்டாட்டிக்கு வக்கீல் ஆகிவிட்டாள். ஆமாம், நான்தான் திருகினேன். உன் முழங்காலுக்காகத் திருகினேன். கனமான கியரில் மிதித்து மிதித்து மூட்டு தேய்ந்து நீ உட்கார்ந்துவிட்டால் யார் பார்ப்பது? அந்த அக்காவா? இப்போது பார், அங்கே இஷ்டத்துக்கு மிதிக்கிறாய், வலிக்கிறது. நான் சொன்னது நடந்ததா இல்லையா? போகட்டும். புது கியரில் ஸ்க்ரூவைத் திறந்தே வைத்திருக்கிறேன். திருப்தியா?

எதிர்க்கடையில் நின்றதை ஏதோ கொலைக் குற்றம் மாதிரி எழுதியிருக்கிறாய். சொந்தப் பெண்டாட்டியைப் பார்க்க நின்றேன். வேறு யாருக்காக நிற்பேன்?

ஃபோர்க் மாட்டியாயிற்று. சைக்கிளை இப்போது இரண்டு விரலில் தூக்கலாம். ஹேண்டில்பாருக்கு வெள்ளை டேப் சுற்றினேன், அழுக்காகும் என்று நீ திட்டுவாய் என்று தெரிந்தே சுற்றினேன். நீ திட்டி ரொம்ப நாளாகிறது.

பின்பக்கப் பல் சக்கரத்தில்தான் சிக்கி நிற்கிறேன். “கொஞ்சம் மேடு” என்று எழுதினால் நான் என்ன செய்ய? டாக்டரிடம் போய் எங்கேயோ வலிக்கிறது என்பாயா? ஒழுங்காகச் சொல். ஏற்றம் எவ்வளவு நீளம்? நடுவில் வளைவு உண்டா? தார் ரோடா, கல் பாவியதா? கல் என்றால் டயர் தடிமனாக வேண்டும். கடல் காற்று படுகிறதா? பட்டால் செயின் துருப்பிடிக்கும், வேறு செயின் போடவேண்டும். ஏற்றத்துக்கு முன்னால் வேகம் எடுக்க இடம் இருக்கிறதா, இல்லை ஏதாவது கடைவாசலில் நின்று கிளம்பவேண்டுமா? காலையில் போகும்போது வெயில் முகத்தில் அடிக்கிறதா, முதுகிலா? வேலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய்?

அக்காவிடம் ஊர் பெயரைச் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கோபமெல்லாம் இல்லை. ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது, அதுவும் கை தவறித்தான். அவள் பெரிதுபடுத்தி எழுதுவாள், நம்பாதே.

சீக்கிரம் எழுது. உன் சைக்கிள் பாதியில் நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

உன் குள்ளன்


ஏப்ரல் 6

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். வெள்ளை டேப்புக்கு இங்கிருந்தே திட்டுகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மழைக்குத் தாங்குமா அது?

நீங்கள் கேட்டதெல்லாம் எழுதுகிறேன். இனி பல் சக்கரத்துக்கு என்மேல் பழி போட முடியாது. ஏற்றம் நீளமானதுதான், ஏறி முடிக்க மூச்சு வாங்கிவிடும். கல் பாவிய ரோடு, மழை பெய்தால் வழுக்கும். அடிவாரத்தில் ஒரு பேக்கரி இருக்கிறது, அதன் வாசலில் ஆட்களும் வண்டிகளுமாக இருப்பதால் நின்றுதான் கிளம்ப முடியும். பாதியில் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி ஒரு பெரிய வளைவு, அங்கேதான் மிகச் செங்குத்து. உச்சியில் தண்ணீர்த் தொட்டி. வளைவு திரும்பினால் கீழே கடல் தெரியும். காற்றில் உப்பு உண்டு. காலை வெயில் முகத்தில்தான். ஏழரைக்குக் கிளம்புகிறேன்.

இதையெல்லாம் உங்களை நம்பித்தான் எழுதுகிறேன். எனக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள். சைக்கிள் முடிந்ததும் அண்ணி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். அது போதும். நீங்கள் அதை மட்டும் செய்துவிட்டால் நான் செப்டம்பர் வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

டம்ளரைப் பற்றி அண்ணி எதுவும் எழுதவில்லை. கையில் கட்டுப் போட்டிருப்பதாக மட்டும் எழுதினார்.

இப்படிக்கு,
நெட்டை


ஏப்ரல் 29

நெட்டை,

முப்பத்திரண்டு பல் போதும். நானே ஏறிப் பார்த்துவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே. முதலில் முழுக்கப் படி. சைக்கிள் முடிந்துவிட்டது. ஏறிப் பார்க்காமல் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? சைக்கிள்காரர்கள் நாலு பேரிடம் இந்த ஏற்றத்தைச் சொன்னேன். கல் ரோடு, கல்லறை வளைவு, தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் ஊர் பெயரைச் சொல்லிவிட்டார். நான் தேடவில்லை, அவராகச் சொன்னது. சத்தியத்துக்கு ஒரு குறையும் இல்லை.

சைக்கிளை ரயிலில் போட்டுக் கொண்டுவந்தேன். சீட்டை எனக்காக இறக்கவில்லை, உன் அளவிலேயே வைத்துக் கால் எட்டாமல் விரல் நுனியில் மிதித்து ஏறினேன். பேக்கரிக்காரர் சிரித்தார். அவரிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். நெட்டையாக, இரவல் சைக்கிளில் வரும் பெண் என்று சொன்னேன், தெரியாது என்றார். எனக்கென்னவோ மறைக்கிறார் என்றுதான் படுகிறது. நீ சொல்லிக்கொடுத்திருக்கிறாயா?

பேக்கரி வாசலில் ஏழு மணியிலிருந்து நிற்கிறேன். நேற்றும் நின்றேன், முந்தாநாளும் நின்றேன். நீ வரவில்லை. நேற்று ஒருத்தி வந்தாள், அதே உயரம், அதே மாதிரி தோளைச் சாய்த்து ஓட்டினாள். பின்னாலேயே போனேன். கூப்பிட்டேன், திரும்பாமல் மிதித்தாள். உன் சைக்கிள் என்ன வேகம் போகிறது தெரியுமா! கல்லறை வளைவில் எட்டிப்பிடித்து அவள் ஹேண்டிலில் கை வைத்தேன். பார்த்தால் நீ இல்லை. கீழே விழுந்து கத்தினாள். நான் என்ன செய்தேன்? கூப்பிட்டபோதே திரும்பியிருந்தால் இவ்வளவும் ஆகியிருக்குமா? பைத்தியம்.

வேறு வழியாகப் போகிறாயா? வேலை நேரத்தை மாற்றிவிட்டாயா? இந்த ஊரில் எத்தனை கண்ணாடிக் கடை இருந்துவிடப் போகிறது? நாளையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். பயப்படாதே. சைக்கிளைக் கையில் கொடுத்து, நீ ஏறி உட்காருவதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடுவேன்.

அக்காவுக்கு அனுப்புகிறேன், உனக்கு வந்து சேரட்டும். வராவிட்டாலும் பரவாயில்லை. அதற்குள் நேரிலேயே பார்த்துவிடுவோம்.

உன் குள்ளன்


மே 11

உங்களுக்கு,

இந்தக் கடிதம் வக்கீல் மூலமாக வருகிறது. அண்ணி வழியாக இனி எதுவும் வராது, எதுவும் போகாது. “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரியா இருந்தது போதும்மா, என் தம்பின்னு நெனச்சு நானும் கண்ணை மூடிட்டேன்” என்று சொல்லி அழுதார். அவர் கையில் நாலு தையல். அது தெரியுமா உங்களுக்கு?

அந்த ஏற்றம் என் ஏற்றம் இல்லை. நான் அந்த ஊரில் இல்லை. கண்ணாடி ஃபிரேம் வாங்க முதலாளியம்மாவோடு ஒரே ஒரு நாள் போய் வந்த ஊர் அது. பேக்கரியில் டீ குடித்தோம், நடந்தே மேலே ஏறிக் கடலைப் பார்த்துவிட்டு வந்தோம். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும்.

எட்டு வருடம் லீவு நாளெல்லாம் உங்கள் கடையில் உங்கள் பக்கத்தில் நின்றவள் நான். வருகிறவர்களிடம் நீங்கள் கேட்பதை நான்தான் எழுதிக்கொள்வேன். ஏற்றம் எவ்வளவு, ரோடு எப்படி, உப்புக் காற்றா, எல்லாம் கேட்பீர்கள். காலை வெயில் முகத்திலா முதுகிலா என்று ஒருத்தரிடமும் கேட்டதில்லை. எந்தப் பல் சக்கரத்துக்கும் அது தேவையில்லை. எந்த வீட்டிலிருந்து எந்தத் திசையில் ஒருத்தி கிளம்புகிறாள் என்று தெரிய வேண்டியவனுக்குத்தான் அது தேவை. அந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் கையெழுத்து அவ்வளவு அழகாக, அவ்வளவு அன்பாக இருந்தது.

அப்படியும் எனக்கு ஒரு ஆசை. நான்தான் தப்பாக நினைக்கிறேனோ என்று. அதனால்தான் நான் இல்லாத ஊரின் ஏற்றத்தைச் சொன்னேன். உங்களுக்குச் சைக்கிள்தான் முக்கியம் என்றால் பல் சக்கரத்தை மாட்டி அனுப்புவீர்கள், வேறு எதற்காகவோ கேட்டிருந்தால் ஊரைத் தேடிப் போவீர்கள். ஏப்ரல் முழுக்க ஒவ்வொரு நாளும் தபால் வரும் நேரத்தில் கடைவாசலுக்கு வந்து நின்றேன். ‘கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டான்’ என்று அண்ணி ஒரே ஒரு வரி எழுத மாட்டாரா என்று ஏங்கினேன். அப்படி யாருக்காகவும் நான் காத்திருந்ததில்லை, கல்யாணத்துக்கு முன்னால் உங்களுக்காகக்கூட.

அந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்ன பொய்க்கு அவள் விழுந்தாள். என் மனசு ஆறவில்லை. நான் பயந்து ஓடவேண்டிய ஏற்றத்தில் அவளை ஓட விட்டுவிட்டேன். அந்த ஊர் போலீசுக்கு உங்கள் கடிதத்தின் நகலையும் என் வாக்குமூலத்தையும் வக்கீல் அனுப்பிவிட்டார். அவளைக் கண்டுபிடித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். கைகூப்பி அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

செப்டம்பரில் நான் வர மாட்டேன். கோர்ட்டில் பேசிக்கொள்ளலாம், அங்கேயும் என் வக்கீல்தான் பேசுவார். உங்களை வெறுக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அது வரமாட்டேன் என்கிறது. பயமாக இருக்கிறது. கதவை இரண்டு முறை பூட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

சைக்கிள் மட்டும் வந்து சேர்ந்திருந்தால், அதில் ஏறி நானே உங்களிடம் திரும்பி வந்திருப்பேன். நீங்கள் வந்துவிட்டீர்கள்.