முன்னறைக்கு வாடகைப் பத்திரம்

ஜனவரி 6, திங்கள்

கடை உரிமத்தைப் புதுப்பிக்க நகராட்சிக்குப் போனேன். பத்து நிமிட வேலை என்று நினைத்தது என் புத்தி. இசக்கிசெல்வி என்று ஒரு பெண், கணினியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணாச்சி, கட்டடம் சொந்தம்னு போட்டிருக்கீக. வீட்டுத் தீர்வை யுஸ்ராங்கிற பேர்ல வருது. யாரு அது?"

"என் மவ."

"அப்போ நீங்க வாடகைக்குல்லா இருக்கீக? அவுக கையெழுத்தோட வாடகைப் பத்திரம் வேணும். மார்ச்சுக்குள்ள தரலைன்னா உரிமம் போயிரும்."

இருபத்திரண்டு வருடமாகச் 'சொந்தக் கட்டடம்' என்ற கட்டத்தில்தான் டிக் அடித்து வருகிறேன். யாரையும் ஏமாற்ற அல்ல. காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து ஏறுகிறவன். ராஹிலாவைக் கட்டி, அவள் வீட்டு முன்னறையில் மளிகை போட்டேன். யுஸ்ராவின் நிக்காஹ்வுக்கு வீட்டை ராஹிலா அவள் பேருக்கு எழுதியபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவனே நான்தான். போட்டுவிட்டு மறந்துவிட்டேன். ராஹிலா மவுத்தாகி, அடக்கம் பண்ணி மூன்று வருடம் ஆகிறது.

ஜனவரி 7

யுஸ்ராவிடம் எப்படிக் கேட்பது? ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கிறோம். எட்டு மாதமாகப் பேச்சில்லை. என் தட்டை மட்டும் மேசையில் மூடி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

ஜனவரி 9

கேட்கவில்லை.

ஜனவரி 11, சனி

கடையில் ஆள் இல்லை. மனசு அந்த நாளுக்கே போகிறது. மாப்பிள்ளை இல்யாஸ் யுஸ்ராவைக் கைநீட்டி அடித்த நாள். கன்னத்தில் விரல் தடம் இருந்தது. "இனி இவரோட இருக்க மாட்டேன் வாப்பா" என்றாள்.

நான் என்ன சொன்னேன்? "இது என் வீடு. மாப்பிள்ளை இல்லாம நீ இங்கன இருக்க முடியாது."

என் வீடாம்! வருடா வருடம் தீர்வை கட்டுகிறவள் அவள். "யாரு வீடு வாப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எங்கே கொண்டுபோய் முகத்தை வைத்திருப்பேன்? அவள் கேட்கவில்லை. அவனைத்தான் பெட்டியோடு அனுப்பினாள். என்னை விட்டுவைத்தாள்.

ஜனவரி 18, சனி

கேட்டுவிட்டேன். அடுக்களை வாசலில் நின்று, நகராட்சிக் காகிதத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"கடைன்னு காட்டுனா தீர்வை கூடுமே வாப்பா."

வாப்பா — எட்டு மாதம் கழித்து.

"கூடுறதை நான் கட்டுதேன்."

"வேண்டாம். வாடகையில வாங்கிக்கிடுதேன்."

சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவளும் சிரிக்கவில்லை. "அன்னைக்கு நான் பேசுனது தப்பு மவளே" என்றேன். அவள் பேனாவைத் தேடப் போனாள்.

ஜனவரி 20, திங்கள்

பத்திரம் ஆனது. பதினோரு மாதத்துக்கு. வீட்டு உரிமையாளர்: யுஸ்ரா. வாடகைதாரர்: ஸதக்கத்துல்லாஹ், அதாவது நான். கையெழுத்துப் போடும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

பிப்ரவரி 12

உரிமம் வந்தது. சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து இல்யாஸின் வாப்பா கடைக்கு வந்தார். கூட இரண்டு பேர்.

"நடந்தது நடந்து போச்சு. பையன் திரும்பி வாரேங்கான். வீட்டுக்குப் பெரியவுக நீங்க. ஒரு வார்த்தை சொன்னா திங்கக்கிழமை வந்துருவான்."

ஒன்பது மாதம் முன்னால் என்றால் சொல்லியிருப்பேன். கல்லாவிலிருந்து பத்திரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"நான் இங்கன வாடகைக்கு இருக்கேன். வீட்டுக்காரி உள்ள இருக்கா. அவ வேண்டாம்னா வேண்டாம்தான்."

பத்திரத்தைத் தொடாமலே எழுந்து போனார்கள். உள்கதவுத் திரை லேசாக அசைந்தது. யுஸ்ரா கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். மேசையில் இன்று இரண்டு தட்டு இருந்தது.