சின்ன அறையின் ஈரம்

மார்ச் 3
வாடகை வீட்டுச் சுவரில் மறுபடி பூசணம், போன வாரம் துடைத்த அதே இடத்தில். குட்டிக்கு மூச்சு இழுக்கிறது. ஈரமில்லாத வீடாகப் பாருங்கள் என்று மருத்துவர் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. ஒன்று பார்த்தோம், பிடித்துப்போயிற்று. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 5
வாங்கும் முன் வீடுகளைச் சோதித்துச் சொல்லும் ஆய்வாளர் ஒருவரை அழைத்துக் காட்டலாம் என்றேன். இவருக்குச் சிரிப்பு.
"என்னையும் இப்படி ஆள் வெச்சுப் பாத்திருப்ப போல."
"பாத்திருந்தா தப்பிச்சிருப்பேன்."

மார்ச் 8
நாளை காலை ஆய்வு. இன்று மாலை அலமாரிக்கு அளவெடுக்கப் போனோம். வீட்டுக்கார அம்மா இவருக்குச் சமையலறையைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், குட்டி சின்ன அறைச் சுவரில் நீலக் கிரேயானால் யானை வரைந்துவிட்டாள். மானம் போயிற்று. அவள் தண்ணீர் பாட்டில் காலியாகும்வரை துணியை நனைத்துத் தேய்த்தேன். யாரும் பார்க்கவில்லை. அப்பாடா.

மார்ச் 9
கூரை, குழாய், மின்கம்பி எல்லாம் நன்றாக இருக்கிறதாம். கடைசியாகச் சின்ன அறை. சுவரில் வைத்ததும் ஆய்வாளரின் ஈரம் பார்க்கும் கருவி கத்தியது. ஈரம், எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை என்றார். அந்த அறைதான் குட்டிக்கு. பதினாறு வருஷத்தில் ஒரு சொட்டுக்கூடக் கண்டதில்லை என்று வீட்டுக்கார அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த வீட்டை விட்டுடலாம் என்கிறார் இவர்.

மார்ச் 10
பாத்திரம் துடைக்கும்போது உறைத்தது. அது யானை நின்ற இடம். ஐயோ, நான்தான்.
நான் மட்டும்தானா? நிஜமாகவே ஈரமும் இருந்தால்? – சொல்லாமல் இருக்க முடியவில்லை. இவரிடம் சொன்னேன். சிரிப்பை அடக்க முடியவில்லை அவரால். ஆய்வாளருக்கும் போன் செய்தேன்.
"இருபது வருஷமா குழாயத்தாம்மா சந்தேகப்பட்டிருக்கேன், வீடு வாங்க வர்றவங்கள இல்ல. நாலு நாள் காயட்டும், வந்து பாக்குறேன்."

மார்ச் 14
ஆய்வாளர் மேலே, கீழே, மூலையில் வைத்துப் பார்த்தார். கருவி வாயே திறக்கவில்லை.
வீட்டுக்கார அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "யானைய அப்படியே விட்டிருக்கலாமேம்மா" என்றார்.

ஜூலை 2
குடிவந்து மூன்று வாரம். குட்டி தூங்கும்போது அவள் மூச்சைக் கேட்கக் குனிய வேண்டியிருக்கிறது.
இன்று அதே சுவரில், அதே நீலத்தில் ஒரு யானை. பக்கத்தில் குட்டி யானை வேறு. பழக்க தோஷம், துணியை நனைத்து எடுத்துக்கொண்டு போனேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.
துணியைப் பிழிந்து கொடியில் காயப்போட்டுவிட்டு வந்துவிட்டேன்.