பினாங்கு வீட்டுக்கு ஒரு கையெழுத்து

ஓய்வுக்குப் பிறகு போய் இருக்க மலேசியாவில், பினாங்கில் ஒரு ஃபிளாட் வாங்க வேண்டுமென்று எட்மண்ட் ஒற்றைக்காலில் நின்றார். இன்று புரோக்கர் ஊரப்பாக்கம் வீட்டுக்கே வருகிறார். நேற்று முழுக்க அதற்காகத்தான் சண்டை. லீவு போட்டுவிட்டு எட்மண்ட் தூங்கிக்கொண்டிருக்க, பாடம் நடத்தப் பள்ளிக்குக் கிளம்பிய அவர் மனைவி ஹெப்சிபா காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்.

"என்னங்க, சாம்பார் குக்கர்ல இருக்கு. பாலைக் காய்ச்சிடுங்க. புரோக்கர் வந்தா காபி குடுங்க. கையெழுத்து மட்டும் போடாதீங்க."

புரோக்கர் அனுப்பிய வீடியோவில் பார்த்த கடலும் பால்கனியும் அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தன. 'போடாதீங்க' என்பதை அடித்து 'போடுங்க' என்று மாற்றினாள். மனசு கேட்கவில்லை. அதையும் அடித்தாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலங்க. அங்க போனப்புறம் நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் போய்ட்டா, இன்னொருத்தர் அந்த பால்கனியில யாரோட பேசுறது?"

வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்.

"வீட்டை ரெண்டு பேர் பேர்லயும் எழுதணும்னு புரோக்கர் என் பாஸ்போர்ட்டைக் கேட்டா தேடாதீங்க. என் கைப்பையில எடுத்துட்டுப் போறேன். ஏன்னு எனக்கே தெரியல. கோச்சுக்காம சாப்பிட்டுடுங்க."