பஸ்ஸை நிறுத்திய உதை

அன்பு மகளே,

இங்கே உன் சித்தப்பா நானும் சித்தியும், ரிப்பேருக்கு வந்து என் கடையை விட்டுப் போக மறுக்கும் பழைய மின்விசிறிகளும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றில் வாடகை தராமல் குடியிருக்கும் மகாராஜாவோ மகாராணியோ, அவரும் சுகமாக இருக்கவேண்டும். இப்போது ஒரு கதை சொல்லப்போகிறேன், இதை ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று உன் சித்தி தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், அவள்தான் தலையை இழுத்துக்கொண்டாள்.

அதற்கு முன்னால் ஒன்று. நேற்று போனில் நீ அழுததைச் சித்தி சொல்லிவிட்டாள். ஐந்தாம் மாதம் நடக்கிறது, குழந்தை இன்னும் அசையவே இல்லை, கூட வேலை பார்ப்பவளுக்கு நாலாம் மாதமே துள்ளியதாம், எனக்கு வயிற்றில் வாயு புரள்வதோடு சரி என்றாயாம். ஸ்கேனில் ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் ஸ்கேனுக்கே போகாமல் தள்ளிப்போடுகிறாயாம். அட அசடே, தலைப்பிள்ளை அசைவது தெரியக் கொஞ்சம் தாமதமாகத்தான் செய்யும் என்று உன் டாக்டரம்மாவே சொல்லவில்லையா?

சரி, கதைக்கு வா. உன் தம்பி வாயு, அதுதான் நம் வீட்டு வாயாடி, சித்தி வயிற்றில் இருந்தபோது அதே ஐந்தாம் மாதம். அவன் விட்ட முதல் உதையில், சித்தி வயிற்றின்மேல் வைத்திருந்த டீ டம்ளர் ஜன்னல் வழியாகப் பறந்து, தெருவில் போன பஸ் கூரையில் விழுந்து, டிரைவர் பிரேக் போட, பயணிகள் எல்லாரும் இறங்கி வரிசை கட்டி வாழ்த்திவிட்டுப் போனார்கள். இரண்டாவது உதைக்குக் கடையில் கரண்ட் இல்லாமலே அத்தனை விசிறியும் சுற்றியது. நிலநடுக்கமா என்று விசாரிக்க நகராட்சி ஆட்களே வந்தார்கள். அவள் பசியைக் கேட்காதே, வாந்தி நின்றதுதான் தாமதம், ஸ்க்ரூடிரைவரை எல்லாம் நான் ஒளித்துவைக்க வேண்டியதாகிவிட்டது.

உனக்கும் இனிமேல் பசி வரும், நன்றாகச் சாப்பிடு. முதுகு வலிக்கும், மூக்கடைக்கும், வயிறு விரிய விரியத் தோல் அரிக்கும், அதெல்லாம் சகஜம். தூக்கத்தில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தால், பாவம் தூங்கட்டும் என்று மாப்பிள்ளையை விட்டுவிடாதே, எழுப்பிப் பாதத்தை மேல்பக்கமாக மடக்கிப் பிடிக்கச் சொல். ஒருக்களித்துப் படு. ஆனால் ரத்தம் பட்டாலோ, தலைவலி விடாமல் மண்டையைப் பிளந்தாலோ, கண் மங்கினாலோ எனக்குப் போன் போட்டு நேரத்தை வீணாக்காதே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ.

நீயும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக இருக்க எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஸ்கேனுக்கு இந்த வாரமே போ, மறக்காதே.

இப்படிக்கு,
பொய்யைத் தவிர வேறெதுவும் பேசாத உன் சித்தப்பா

பி.கு. பஸ் பொய், விசிறி பொய், டம்ளரும் பொய். ஒன்று மட்டும் நிஜம். உன் தம்பியின் முதல் அசைவை உன் சித்தி வாயு என்று நினைத்து, ஒரு வாரம் மாத்திரையாகச் சப்பிக்கொண்டிருந்தாள். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. அவனுக்கு வாயு என்ற பெயர் வந்தது வாயாடி என்பதால் இல்லை. உனக்குள் புரள்வது எது என்று போய்க் கேட்டுக்கொண்டு வா.