துண்டுக்குள் சொன்ன எண்

புத்தூர், செவ்வாய் இரவு

அப்பாவை, எங்கள் நைனாவை, திருப்பதிக்கு டாக்டரிடம் அழைத்துப் போனேன். சர்க்கரையால் அவருக்குக் கை கால் நரம்பெல்லாம் எரிச்சல். மாத்திரை வருவதற்கு முன் போர்வை பட்டாலே அலறுவார். இப்போது கொஞ்சமாவது தூங்குகிறார். ஆனால் அதே மாத்திரையால் பகலிலும் தூங்குகிறார், தலை சுற்றுகிறது. போன வாரம் மாட்டுச் சந்தையில், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும்போதே கண்ணயர்ந்துவிட்டார். “இன்னா தரகரே, மாட்ட விக்கிறியா, தாலாட்டுறியா?” என்று சிரித்தார்களாம்.

வலி பத்துக்கு எவ்வளவு என்று டாக்டர் தெலுங்கில் கேட்டார். “ரெண்டே” என்றார் நைனா. டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். “நெஜமா எவ்ளோ நைனா?”

பக்கத்தில் சந்தை ஆட்கள் இருந்தார்கள். அவர் துண்டை எங்கள் கைகள்மேல் போட்டார். சின்ன வயதில் எனக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்த கணக்குதான். முதலில் என் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தார். விட்டு, மறுபடி இரண்டு விரல்.

ஏழு.

“அப்புறம் ஏன் நைனா டாக்டர்கிட்ட கொறைச்சி சொன்ன?”

“வலிச்சிக்கினு சந்தையில நிக்கலாம்மா. தூங்கிக்கினு நிக்க முடியாது.”

துண்டை எடுக்காமல் காத்திருந்தார். அந்தக் கணக்கில் அடுத்து எதிராளி விரல் பிடித்துத் தன் விலையைச் சொல்ல வேண்டும்; இப்போது எதிராளி நான். இவர் இரவில் தூங்கவும் வேண்டும், சந்தையில் விழித்திருக்கவும் வேண்டும். அதற்கு எத்தனை விரல் என்று எனக்குத் தெரியவில்லை. கையையாவது பிடித்துக்கொள்ளலாம் என்றால், பிடித்தால் அவருக்கு எரியும். புத்தூர் வரும்வரை என் விரல்கள் அவர் கைக்கடியில் சும்மா கிடந்தன.